சிறுவர் தோட்டம்: ஒரு வரலாற்று நோக்கு
(பளைப் பகுதியை முன்னிறுத்தி)

முன்னுரை

உழவின் வரலாற்றை ஆராயப் புகுவோர் குளங்களையும் வாய்க்கால்களையும் நிலவுரிமையையும் வரியையும் பற்றி விரிவாகப் பேசுவர். நெல்லும் தென்னையும் புகையிலையும் அவ்வரலாற்றில் உரிய இடத்தைப் பெறுகின்றன. ஆயின், வீட்டு வளவின் ஒரு மூலையில் ஐந்து வயதுக் குழந்தையொன்று தன் கையால் விதையிட்டு, நாள்தோறும் ஓடிச்சென்று முளை வந்ததோ எனக் குனிந்து பார்க்கும் அச்சிறு பாத்திக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைப்பது அரிது. அதன் விளைச்சல் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. அதற்கு உறுதியும் இல்லை, வரியும் இல்லை. ஆயினும் மண்ணுக்கும் மனிதனுக்கும் இடையிலான உறவு தொடங்கும் இடம் அதுவே.

குழந்தைக்குத் தோட்டம் அமைத்துக் கொடுத்தல் என்னும் எண்ணம் மேனாட்டுக் கல்வியாளரிடமிருந்து எமக்கு வந்தது என்பதே பொதுவாக நிலவும் கருத்து. இக்கருத்து முழுமையாக ஏற்கத்தக்கதன்று. எமது நிலத்திலே அதற்கு நெடிய மரபு உண்டு. மேனாட்டிலிருந்து வந்ததாகக் கூறப்படும் பாடசாலைத் தோட்டமோ, வரும் வழியிலேயே தன் மூலக் கருத்தில் ஒரு பகுதியை இழந்துவிட்டது. குழந்தை உழைக்கும் தோட்டம் வேறு. குழந்தையினுடைய தோட்டம் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை வரலாற்றின் வழியே நின்று காண்பதும், அவ்வேறுபாடு பளை போன்றதொரு பகுதியில் இன்று ஏன் முக்கியத்துவம் பெறுகின்றது எனக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

சங்க இலக்கியச் சான்று

குழந்தை வளர்த்த செடி பற்றிய எமது தொன்மையான சான்றுகளுள் ஒன்று நற்றிணையில் உள்ளது. அந்நூலின் 172ஆம் பாடல் நெய்தல் நிலத்துக்குரியது. தலைவியும் அவளுடைய தோழியரும் சிறுவயதில் மணலில் விளையாடியபோது புன்னை விதையொன்றை வெண்மணலுள் அழுத்தி வைத்தனர். பின்னர் அதனை மறந்துவிட்டனர். மறந்த விதை ஒருநாள் முளைத்து வெளிப்பட்டது. கண்ட சிறுமியர் மகிழ்ந்து, பாலும் நெய்யும் வார்த்து அதனை வளர்த்தனர். மகள் வளர்த்த அம்மரத்தை அவளுடைய தங்கையாகவே கருதுமாறு தாயும் கூறினாள். ஆகையால் அம்மரத்தின் நிழலில் நின்று காதலனோடு உரையாடத் தலைவி நாணுகின்றாள் என்பது பாடலின் பொருள்.

இப்பாடல் அகப்பொருட் சுவைக்காகப் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது. அதனைச் சமூக வரலாற்றுக் கண்கொண்டு நோக்கின் வேறு சில செய்திகளும் புலனாகும். முதலாவது, விதையிட்டது விளையாட்டாக நிகழ்ந்தது, எவரும் கட்டளையிடவில்லை. இரண்டாவது, நட்டபின் மறந்துபோதல் குழந்தை இயல்பு என்பதும், மறந்த பின்னரும் மண் தன் வேலையைச் செய்யும் என்பதும் அப்புலவருக்குத் தெரிந்திருந்தன. மூன்றாவது, பாலும் நெய்யும் மரத்துக்கு உரமாகுமோ என்ற வினாவைத் தாய் எழுப்பவில்லை. தமக்கு இனியது செடிக்கும் இனியது என்று கருதிய சிறுமியரின் அன்பை அவள் திருத்த முற்படவுமில்லை. அதற்கு ஓர் உறவுப் பெயரைச் சூட்டினாள். பெரியோர் குழந்தையின் தோட்டத்தில் எவ்வளவு தலையிடலாம் என்ற வினாவுக்கு எமது இலக்கியம் அளிக்கும் விடையாக இதனைக் கொள்ளலாம்.

பனம்பாத்தி: எமது பகுதியின் சிறுவர் தோட்டம்

புன்னை கடற்கரை மணலுக்குரிய மரம். அதே மணற்பாங்கான நிலம் யாழ்ப்பாணக் குடாநாட்டைப் பெருநிலப்பரப்போடு இணைக்கும் பச்சிலைப்பள்ளிப் பகுதியிலும் பரந்து கிடக்கின்றது. பளை அப்பகுதியின் நடுவூர். ஒருபுறம் கடல், மறுபுறம் கடனீரேரி, இடையில் தென்னையும் பனையும் செறிந்த ஒடுங்கிய நிலம். மழைநீர் மணலில் இறங்கித் தங்குவதால் ஆழமற்ற கிணறுகளில் நன்னீர் கிடைக்கும். ஏரியோரம் செல்லச் செல்ல நீர் உவர்ப்பாகும். இத்தகைய நிலத்தில் குழந்தைக்கு ஏற்ற முதற்பயிர் எது? எமது முன்னோர் கண்ட விடை பனம்பாத்தி என்பதாகும்.

ஆடி, ஆவணி மாதங்களில் பனம்பழம் விழத் தொடங்கும். விடியற்காலையில் பனைகளின் கீழ் ஓடிச்சென்று பழம் பொறுக்குவது சிறுவரின் வேலையும் விளையாட்டுமாகும். பழத்தின் களியைப் பிசைந்து பணியாரத்துக்கும் பனாட்டுக்கும் பெண்கள் எடுத்துக்கொள்வர். எஞ்சிய கொட்டைகள் சிறுவரிடம் வந்து சேரும். ஒரு பழத்தில் மூன்று கொட்டைகள் வரை இருக்கும். மணலைக் கொத்தி, பொலபொலவென உயர்த்திக் குவித்து, அதன்மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, மீண்டும் மண்ணிட்டு மூடினாற் பாத்தி முடிந்தது. கொட்டையிலிருந்து வரும் முளை முதலில் மேல்நோக்கி வராமல் மண்ணுக்குள் கீழ்நோக்கிச் செல்லும். அதுவே பின்னர் கிழங்காகத் திரளும். பாத்தி உயரமாகவும் இளக்கமாகவும் அமைக்கப்படுவது இக்காரணத்தினாலேயே ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையே அதற்குப் போதிய நீர். துலா வேண்டாம், பட்டை வேண்டாம், காவலும் வேண்டாம். ஆடும் மாடும் தின்னுவதற்கு மேலே எதுவும் இல்லை.

மார்கழி, தை மாதங்களில் பாத்தியைக் கிண்டும்போது கிழங்கோடு இன்னொரு பரிசும் உண்டு. முளைத்த கொட்டையைப் பிளந்தால் உள்ளே வெண்மையான பஞ்சுபோன்ற பூரான் இருக்கும். அதன் இனிமை சிறுவருக்கே உரியது என்பது எழுதப்படாத சட்டம். கிழங்கை அவித்து உண்பர். பச்சையாகக் கிழித்து உலர்த்தி ஒடியலாக்குவர். அவித்து உலர்த்திப் புழுக்கொடியலாக்குவர். கிண்டாமல் விட்ட கொட்டை வடலியாக வளரும். வடலி வளர்த்துக் கள்ளுக் குடிப்பது என்று நெடுங்காத்திருப்பைக் குறிக்க எம்மவர் கூறுவர். பனையின் முழுப்பயனைப் பெற ஒரு தலைமுறை காத்திருக்கவேண்டும். அதே பனையின் கொட்டை நான்கு ஐந்து மாதங்களில் ஒரு குழந்தைக்குப் பயன்தருகின்றது. குழந்தையின் பொறுமைக்கு அளவான பயிரை அறிந்து கொடுத்த இவ்வறிவு எந்தப் பாடநூலிலும் இல்லை.

இம்மரபில் உடைமை பற்றிய தெளிவும் இருந்தது. பொறுக்கியவன் கொட்டை பொறுக்கியவனுக்கே. வளவு பெரியோருடையது, பாத்தியின் ஒரு வரிசையோ ஒரு மூலையோ சிறுவனுடையது. அவனுடைய கிழங்கை அவனே கிண்டுவான். யாருக்கு எத்தனை என்று அவனே பங்கிடுவான்.

மேனாட்டுச் சிந்தனை

ஐரோப்பாவில் இவ்வெண்ணத்துக்குக் கோட்பாட்டு வடிவம் கொடுத்தவர் ஜேர்மனியரான பிரெட்ரிக் புறோபல் ஆவார். 1837இல் பிளாங்கன்பேர்க் என்னும் ஊரில் சிறுவர்க்கான நிலையமொன்றைத் தொடங்கிய அவர், 1840இல் அதற்குக் ‘கிண்டர்காட்டின்’ எனப் பெயரிட்டார். சிறுவர் தோட்டம் என்பதே அதன் நேர்ப்பொருள். எமது நாட்டிலே பாலர் வகுப்புகளுக்கு அப்பெயர் வழங்கிவந்தபோதும், அதனுள் ஒரு தோட்டம் இருக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். புறோபல் உவமையாக மட்டும் அப்பெயரை வைக்கவில்லை. அவருடைய திட்டத்தில் உண்மையான பாத்திகள் இருந்தன. நடுவில் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியான சிறு பாத்தி. அவற்றைச் சூழ அனைவருக்கும் பொதுவான பாத்திகள். பொதுப் பாத்தியில் ஒழுங்கும் கூட்டுழைப்பும் வேண்டும். தன் சொந்தப் பாத்தியிலோ குழந்தை தான் விரும்பியதை விரும்பியவாறு நடலாம். பிழையாக நட்டால் செடியே அதற்குப் பாடம் கற்பிக்கும்.

தனியுரிமையும் பொதுவுடைமையும் அருகருகே அமைந்த இத்திட்டம் எளிமையானது போலத் தோன்றினும், அக்கால ஆட்சியாளருக்கு அது உவப்பாக இருக்கவில்லை. 1851இல் பிரசிய அரசு புறோபலின் நிலையங்களைத் தடைசெய்தது. மறு ஆண்டில் அவர் காலமானார். 1860இலேயே தடை நீங்கியது. பின்னர் 1907இல் உரோம் நகரின் வறியோர் குடியிருப்பொன்றில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மொன்ரிசோரி அம்மையாரும் செடி வளர்ப்புக்குத் தம் கல்விமுறையில் இடமளித்தார். நீரூற்றாவிடின் செடி வாடும் என்பதை ஆசிரியர் சொல்லாமலே குழந்தை உணர்கின்றது. தன்னை நம்பி ஓர் உயிர் இருப்பதை அறிகின்றது. காத்திருக்கப் பழகுகின்றது என்பது அவர் கருத்தின் சாரமாகும்.

இச்சிந்தனையை அரசுகள் கையேற்றபோது அதன் தன்மை மாறியது. முதலாம் உலகப்போரின் இறுதியாண்டுகளில் ஐக்கிய அமெரிக்காவில் ‘பாடசாலைத் தோட்டப் படை’ என ஓர் அமைப்பு உருவாக்கப்பட்டு, சிறுவர்கள் மண்ணின் போர்வீரர் என அழைக்கப்பட்டனர். பாத்தி போர்க்களத்தின் பின்னணியாயிற்று. குழந்தை எதை விரும்புகின்றது என்பதிலும் பார்க்க, நாட்டுக்கு எவ்வளவு உணவு வேண்டும் என்பதே முதன்மை பெற்றது.

இலங்கையிற் பாடசாலைத் தோட்டங்கள்

இலங்கையில் இவ்வியக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் வேரூன்றியது. தேசாதிபதி சேர் ஹென்றி பிளேக் காலத்தில், 1904இல், இலங்கை விவசாயச் சங்கம் நிறுவப்பட்டது. அச்சங்கத்தின் செயலாளராக விளங்கிய சி. டிறீபேர்க் என்பவரே பாடசாலைத் தோட்டங்களின் மேற்பார்வையாளராகவும் கடமையாற்றினார். கிராமப் பாடசாலைகளுக்கு விதைகள் வழங்கப்பட்டன. சிறந்த தோட்டங்களுக்குப் பரிசுகளும் அளிக்கப்பட்டன. புதிய காய்கறி இனங்களையும் திருந்திய முறைகளையும் பிள்ளைகள் வாயிலாகப் பெற்றோரிடம் கொண்டுசேர்ப்பதே முதன்மை நோக்கம். 1912இல் விவசாயத் திணைக்களம் அமைக்கப்பட்டபின் இப்பணிக்கு நிலையான நிறுவன ஆதரவும் வாய்த்தது.

இம்முயற்சியின் நன்மைகளை மறுத்தல் தகாது. ஏட்டுக் கல்வியே கல்வி என்றும், கை மண்ணிற் படுவது இழிவு என்றும் கருதப்பட்ட காலத்தில், பாடசாலை வளவுக்குள் மண்வெட்டி நுழைந்தமை ஒரு திருப்பமே. ஆயின் இத்தோட்டத்தில் குழந்தையின் நிலை யாது? நிலம் பாடசாலைக்குரியது, பயிரைத் தீர்மானிப்பவர் ஆசிரியர், மதிப்பிடுபவர் மேற்பார்வையாளர், பரிசு பாடசாலைக்கு. குழந்தைக்கு எஞ்சியது நீர் சுமக்கும் வேலை. புறோபலின் திட்டத்திலிருந்த இரு பகுதிகளுள் பொதுப் பாத்தி மட்டும் கப்பலேறி வந்தது. நடுவிலிருந்த தனிப் பாத்தி வரவில்லை என்று கூறலாம்.

அதன் பின்னரான முயற்சிகளிலும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. 1930களில் கண்டிக்கு அண்மையிலுள்ள ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் கல்வியைக் கிராம வாழ்வோடும் உழவோடும் இணைக்க முயன்றது. இந்தியாவில் 1937இல் வார்தா மாநாட்டின் வழியாகக் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியும் கைத்தொழிலையும் உழவையும் கல்வியின் நடுவே வைத்தது. அக்கல்வியில் மாணவரின் உழைப்பால் வரும் வருவாய் பாடசாலைச் செலவை ஈடுசெய்யவேண்டும் என்ற கருத்து அன்றே விவாதத்துக்குள்ளானது. குழந்தையின் உழைப்பு பயனுள்ளதாக இருக்கவேண்டும் என்பது சரியே. அப்பயன் யாருக்கு என்ற வினா எழுவதும் இயல்பே.

இன்னொரு போக்கும் கவனத்துக்குரியது. நாட்டில் உணவு நெருக்கடி வரும்போதெல்லாம் சிறு தோட்டம் நினைவுக்கு வருகின்றது. 1942இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரவு தடைப்பட்டது. உணவு உற்பத்தி இயக்கம் எழுந்தது. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. வன்னியில் விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களில் இளைஞர் குடியேற்றத் திட்டங்கள் செயற்பட்டன. 1972ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைப் புகுத்தி, உழவைக் கனிஷ்ட இடைநிலை வகுப்புக்குக் கொண்டுவந்தது. 1977இன் ஆட்சி மாற்றத்தோடு அந்த ஊக்கம் தணிந்தது. 2021இல் இரசாயன உரத்துக்கு விதிக்கப்பட்ட தடையும் 2022இன் பொருளாதார வீழ்ச்சியும் உணவுத் தட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது, அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்வதற்கென வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கப்பட்டது. பஞ்சம் வரும்போது பாத்தி கட்டுதலும், பஞ்சம் நீங்கியதும் பாத்தியைப் புல்லுக்கு விடுதலும் எமது நாட்டின் வழக்கமாயிற்று. அச்சத்தால் தொடங்கிய தோட்டம் அச்சத்தோடு முடிந்துவிடுகின்றது. விளையாட்டாகத் தொடங்கியதோ, அப்புன்னையைப் போல, மரமாகும் வாய்ப்புடையது.

பளையின் மண்

இனிப் பளைக்குத் திரும்புவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து பச்சிலைப்பள்ளியில் பெருந் தென்னந்தோட்டங்கள் உருவாயின. 1905இல் முழுமையடைந்த வடபகுதிப் புகையிரதப் பாதை பளையை ஊடறுத்துச் சென்றது. நீண்டகாலம் யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாயிருந்த இப்பிரதேசம் 1984இல் கிளிநொச்சி மாவட்டம் உருவானபோது அதனுடன் இணைந்தது. தோட்டம் என்றால் எமது பகுதியில் தென்னந்தோட்டம் என்றே பொருள்பட்டது. அதன் ஓரத்தில், குடிசை வளவுகளில், பனம்பாத்தி நிலைத்திருந்தது.

அம்மரபு எவ்வாறு அறுந்தது என்பதைப் போரின் வரலாறு கூறும். 1990இல் புகையிரதம் நின்றது. 1995 ஒக்டோபரில் வலிகாமத்து மக்கள் பெருந்திரளாக இடம்பெயர்ந்தபோது, அவர்களுட் பலர் பச்சிலைப்பள்ளியிலுள்ள கிளாலிக் கரையில் நின்று கடனீரேரியைக் கடந்து வன்னிக்குச் சென்றனர். 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்தபின் பளைக்கு வடக்கே முகமாலையில் போர்முனை நிலைகொண்டது. 2002இன் போர்நிறுத்தக் காலத்திலும், 2006 முதல் 2009 தொடக்கம் வரையான போர்க்காலத்திலும், இரு தரப்பாரின் முன்னரண்கள் அங்கு எதிரெதிரே நின்றன. இரு தரப்பாரும் அந்நிலத்தில் மிதிவெடிகளைப் புதைத்தனர். முகமாலை உலகின் செறிவுமிக்க மிதிவெடிப் பிரதேசங்களுள் ஒன்றெனப் பெயர்பெற்றது.

இதன் பொருளைச் சிறுவர் தோட்டத்தின் நோக்கில் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பனம்பழம் விழுவது பற்றைக்குள். அதைப் பொறுக்கும் சிறுவன் பற்றைக்குள் நுழையவேண்டும். பாத்தி கட்ட மண்ணைக் கொத்தவேண்டும். நுழைதல், குனிதல், கொத்துதல் ஆகிய மூன்றும் உயிருக்கு ஆபத்தான செயல்களாயின. விதை புதைத்து வைத்த மண்ணில் வேறொன்று புதைக்கப்பட்டது. அதுவும் மறக்கப்பட்டபின் காத்திருப்பது. சிறுவனின் கை படும்போது வெளிப்படுவது.

போர் முடிந்தபின் மக்கள் படிப்படியாக மீளக் குடியேறினர். வெடி அகற்றும் பணியில் ஹலோ டிரஸ்ட் முதலிய அமைப்புகள் ஈடுபட்டன. எமது பகுதிப் பெண்கள் பலரும் அவற்றிற் சேர்ந்தனர். இம்மணல் நிலத்துக்கென உருவான முறையில், பல் வைத்த வாரிகளால் மேல்மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி வெடிகளை வெளிப்படுத்துவர். முழந்தாளிட்டு, தோட்டக் கருவியொன்றைக் கையிலேந்தி, அடியடியாக மண்ணை வாரிய அப்பெண்களின் உழைப்புக்குப் பின்னரே அந்நிலத்தில் மண்வெட்டி விழ முடிந்தது. 2014 மார்ச்சில் புகையிரதம் மீண்டும் பளைவரை வந்தது. 2017 டிசெம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது.

இவ்விடத்தில் இக்கட்டுரையாளர் தம் அனுபவத்தைச் சிறிது கூறுதல் பொருந்தும். மீளக் குடியேறிய முதலாண்டில் அடியேன் பாலர் வகுப்பு மாணவன். பாடசாலையில் எழுத்துக்களோடு மிதிவெடி அபாயக் கல்வியையும் கற்றோம். அறியாத பொருளைத் தொடாதே, சிவப்புப் பலகையைத் தாண்டாதே என்ற பாடங்கள் ஆத்திசூடிபோல மனத்திற் பதிந்தன. அவ்வாண்டு ஆவணியில் அப்பாச்சி, சோதித்து முடித்த வளவின் கிணற்றடியில் பனம்பாத்தி ஒன்று கட்டினார். விளிம்பில் ஒரு வரிசையை எனக்கென ஒதுக்கி, கையில் கொட்டைகளைத் தந்தார். மண்ணைக் கொத்த அஞ்சி நின்றேன். நான் கையை ஓங்கும்போதெல்லாம் அம்மாவும் குசினியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பாச்சி எதுவும் கூறாமல் முதலில் தம் கையை மண்ணுக்குள் மணிக்கட்டுவரை நுழைத்துக் காட்டினார். பிறகு நான் நுழைத்தேன். தையில் என் வரிசையிலிருந்து கிண்டிய கிழங்குகள் பதினேழு. அவற்றைப் பங்கிட்டவனும் நானே. அப்பாச்சிக்கு இரண்டு கொடுத்ததாகவும், பூரான் ஒன்றையும் கொடுக்கவில்லை என்றும் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிப்பர்.

வரலாறு கற்பிக்கும் நெறி

மேற்கூறிய செய்திகளைத் தொகுத்து நோக்குமிடத்து, குழந்தையொன்று தன் தோட்டத்தைத் தொடங்க உதவ விரும்புவோர் மனங்கொள்ளத்தக்க சில நெறிகள் தெளிவாகின்றன.

முதலாவது, நிலத்தின் பாதுகாப்பு. எமது பகுதியில், வெடி அகற்றப்பட்டதென உறுதியான வளவுக்குள், வீட்டுக்கு அண்மையிலேயே பாத்தி அமையவேண்டும். ஐயத்துக்குரிய பொருள் எது தென்பட்டாலும் தொடாமல் அறிவிக்கும் பழக்கம் இன்னும் கைவிடத்தக்கதன்று. ஆயின் அச்சத்தைக் கற்பித்ததோடு நின்றுவிடாமல், பாதுகாப்பான மண் எது என்பதையும் குழந்தைக்குக் காட்டவேண்டும். அதனைச் சொல்லால் மட்டும் காட்ட முடியாது.

இரண்டாவது, உடைமை. பாத்தி சிறிதாயினும் முழுமையாகக் குழந்தையினுடையதாக இருத்தல் வேண்டும். இரண்டடி அகலமும் நான்கடி நீளமும் போதும். ஓரத்தில் நின்றவாறே கை எட்டவேண்டும். நான்கு மூலையிலும் தடி நாட்டி எல்லை காட்டினால், தன்னுடையது எதுவென்ற தெளிவு பிறக்கும். வளவின் எதற்கும் உதவாத நிழல்மூலையைக் குழந்தைக்குத் தள்ளிவிடுதல் முறையன்று. வெயிலும் நீரும் உள்ள இடத்தையே கொடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, காலமும் பயிரும். குழந்தையின் பொறுமைக்கேற்ற பயிர் வேண்டும். முளைக்கீரை மூன்று நான்கு வாரத்திற் பறிக்கத்தக்கது. பயறு சில நாட்களில் முளைவிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் நெற்று முற்றும். வெண்டி, பயற்றை, பூசணி, கச்சான் ஆகியவற்றின் விதைகள் பெரியவை. சிறுவிரல்களால் எடுத்து ஊன்ற எளியவை. கச்சானைப் பிடுங்கும்போது மண்ணுக்குள்ளிருந்து காய் வெளிவருதல் குழந்தைக்குப் பெருவியப்பு. விரைவில் வருவதொன்றும் காத்திருந்து பெறுவதொன்றும் ஒரே பாத்தியில் இருத்தல் நன்று. மாரிக்கு முன், புரட்டாதி இறுதியில் தொடங்கினால் நீரூற்றும் பாரம் குறையும். வெள்ளம் தேங்காதபடி பாத்தியை உயர்த்துதல் வேண்டும். கோடையிலாயின் அடியில் துளையிட்ட சிரட்டையே போதிய நீர்வாளியாகும். கீரைக்கும் பயற்றைக்கும் கட்டாக்காலி ஆடுகளிடமிருந்து காவல் தேவை. சிறு கிடுகு வேலி அமைத்தலைப் பெரியோர் தம் பங்காகக் கொள்ளலாம்.

நான்காவது, தோல்விக்கு இடமளித்தல். விதையை மிக ஆழத்தில் இடுதல், முளைத்ததோ எனத் தோண்டிப் பார்த்தல், ஒருநாளில் ஐந்துமுறை நீரூற்றுதல் ஆகியன குழந்தைகள் செய்யும் பிழைகள். இரவோடிரவாகப் பெரியவர் வந்து வாடிய செடியை மாற்றி நட்டுவைத்தால், தோட்டம் தப்பும், பாடம் தப்பிவிடும். புன்னைக்குப் பாலூற்றிய சிறுமியரைத் திருத்தாத தாயை இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஐந்தாவது, விளைச்சலின் உரிமை. நட்டவரே பறிக்கவேண்டும், பறித்ததைப் பங்கிடும் உரிமையும் அவரதே. அக்கீரை அன்றைய சோற்றோடு பரிமாறப்படும்போது, தன் உழைப்பு வீட்டாரின் உணவானதைக் குழந்தை காண்கின்றது. அதனிலும் சிறந்த பரிசை எந்த மேற்பார்வையாளரும் வழங்க முடியாது.

முடிவுரை

பாடசாலைத் தோட்டங்கள் வேண்டா என்பது எமது கருத்தன்று. பொதுப் பாத்தியின் நடுவே தனிப் பாத்தியும் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். பச்சிலைப்பள்ளியின் பாடசாலைகள் பலவற்றுக்குப் போதிய வளவு உண்டு. அவற்றில் முதலாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் எட்டுச் சதுர அடி நிலத்தை ஒதுக்குவது பெருஞ்செலவான காரியமன்று. அதற்கெனத் தனித்திட்டமோ வெளிநாட்டு உதவியோ வேண்டியதில்லை. ஆவணியில் விழும் பனங்கொட்டைகளே முதல் விதைகளாகலாம். எமது மரபு, புறோபலின் கருத்து, இன்றைய தேவை ஆகிய மூன்றும் அப்பாத்தியிற் சந்திக்கும்.

முப்பதாண்டு காலம் எமது பகுதிக் குழந்தைகளுக்கு மண்ணைத் தொடாதே என்று சொல்லவேண்டியிருந்தது. அன்று அது அறிவுரை, உயிர்காத்த உரை. மண் துப்புரவாக்கப்பட்ட இடங்களிலும் அதே உரை தொடருமாயின், எமது நிலம் மீண்டும் எமக்குக் கிடைத்ததென்று கூறுவதிற் பொருளில்லை. உறுதிப் பத்திரம் பெரியோருக்கு நிலத்தைத் திருப்பித் தரும். குழந்தைக்கு அதைத் திருப்பித் தரக்கூடியது ஒரு சிறு பாத்தியே.